இலைக்கு என்ன விலை?

மணம் இருவருக்கு உரியது. மண்டபம் ஒருவருக்கு உரியது. அந்த மண்டபத்துக்குள் வெந்து, வடிந்து, இலையில் விழும் சோறு யாருக்கு உரியது? உண்பவர்க்கா? அழைத்தவர்க்கா? அடுப்பை வைத்திருப்பவர்க்கா?

சோற்றில் என்ன தத்துவம் என்று தோழர்கள் சிரிக்கலாம். சாதி காவல் நின்ற இடம் பந்தி. சமத்துவம் சோதிக்கப்பட்ட இடமும் பந்தி. இன்று அதே பந்தியில் மற்றொரு கேள்வி வந்து அமர்ந்திருக்கிறது. மறுக்க வழியில்லாத இடத்தில் கேட்கப்படும் விலை, நியாயமான விலையாகுமா?

நிலைமையைச் சொல்வோம். பெண்ணைப் பெற்றவர் நாள் குறித்துவிட்டு, அச்சாரத்தை மடியில் முடிந்துகொண்டு மண்டபத்துக்குப் போகிறார். வாடகை இவ்வளவு, மின்சாரம் தனி, கியாஸ் தனி, குப்பை அள்ளத் தனி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரும் மேலாளர், கடைசியில், "சமையல் எங்கள் ஆட்கள்தாம். வெளியாள் இங்கே அடுப்பு மூட்டக்கூடாது" என்கிறார். இலைக்கு இத்தனை ரூபாய், குறைந்தது இத்தனை இலை! எல்லா மண்டபங்களிலும் இப்படி என்று சொல்லமாட்டோம். சமையற்கட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் மண்டபங்களும் உண்டு. ஆயினும், பெருநகரத்து நட்சத்திர விடுதிகளுக்கு உரியதாக இருந்த இந்த நிபந்தனை, சிற்றூர்களை நோக்கியும் நடைபோடுகிறது. முகூர்த்த நாளோ சில, மண்டபமோ ஒன்றிரண்டு, அழைப்பிதழோ அச்சுக்கு அவசரப்படுகிறது. பெற்றவர் தலையசைத்துவிட்டு வருகிறார். அந்தத் தலையசைப்புக்குச் சம்மதம் என்று பெயர் சூட்டுகிறது வணிகம்.

நாம் கடையநல்லூரிலிருந்து எழுதுகிறோம். 2019-ஆம் ஆண்டு திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில், மேற்குமலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் இது. தறியை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. கடல் கடந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் உழைத்த குடும்பங்கள் உண்டு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று விரல் தேயச் சுற்றும் பெண்கள் உண்டு. ஆயிரம் என்ற எண் அவர்களுக்கு ஏட்டுக் கணக்கன்று, அது முதுகுவலி. அந்த முதுகுவலியில் சேர்த்த பணம் ஒரு முற்பகலில் இலைகளாக விரிக்கப்பட்டு, ஒரு பிற்பகலில் எச்சிலாக மடிக்கப்படுகிறது. ஆகவேதான் இலைக்கு என்ன விலை என்று கேட்பது கஞ்சத்தனமன்று, கணக்கறிவு. கணக்கறிவு மட்டுமன்று, அறம்.

அந்நாளில் எப்படி நடந்தது? வாசலில் பந்தல். கொல்லையில் ஆக்குப்புரை. தவசுப்பிள்ளை வந்து மளிகைச் சிட்டை எழுதுவார். பாவூர்ச்சத்திரம் சந்தைக்குக் காய்க்கு ஆள் போகும். புளியங்குடியிலிருந்து எலுமிச்சை வரும். பருப்பு எத்தனை படி, நெய் எத்தனை சேர் என்பது வீட்டாருக்குத் தெரியும். உக்கிராண அறையின் சாவி வீட்டுப் பெரியவளின் இடுப்பில் இருக்கும். சமைப்பவருக்குக் கூலி; சாமான் வீட்டாருடையது; மிஞ்சியதும் வீட்டாருடையது. மறுவீட்டுச் சொதிக்குத் தேங்காய் எத்தனை என்பதுகூட அந்தச் சாவிக்காரிக்குத் தெரியும்.

ஆனால், பழையதெல்லாம் பொன் என்று பாடுவதற்கு நாம் வரவில்லை. அந்த ஆக்குப்புரையில் யார் அடுப்பு மூட்டலாம், யார் மூட்டக்கூடாது என்று விதித்தது சாதி. அந்தப் பந்தியில் யார் முதலில், யார் பின்னர், யார் வாசலுக்கு வெளியே என்று வரிசை வகுத்ததும் சாதி. இதே பழைய நெல்லை மாவட்டத்துச் சேரன்மாதேவியில், தேசியம் பேசிய குருகுலத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததால் 1924-25-இல் மூண்ட கிளர்ச்சியை நாடறியும். சோற்றைப் பிரித்தவன் மனிதனைப் பிரித்தான் என்பதை நம் இயக்கம் அங்கே கண்டது. ஆகவே, தவசுப்பிள்ளையின் காலத்துக்குத் திரும்பிப் போவோம் என்பதன்று நமது வாதம். மண்டபம் வரட்டும். பொதுச் சமையற்கட்டு வரட்டும். எல்லாரும் ஒரே வரிசையில் அமரும் மேசையும் நாற்காலியும் வரட்டும். வந்த வசதியோடு ஒரு விலங்கும் சேர்ந்து வரவேண்டுமா என்பதே கேள்வி.

விலை என்பது என்ன? பொருளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டா? அன்று. விலை என்பது ஒரு பேச்சு. "இவ்வளவுக்குத் தருகிறேன்" என்று ஒருவன் சொல்ல, "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய மற்றொருவன், "சரி" என்று சொல்வது. 'வேண்டாம்' என்ற சொல் அவன் கையில் இருப்பதனால்தான் 'சரி' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. அந்த ஒரு சொல்லைப் பறித்துவிட்டால் மிஞ்சுவது விலையன்று, வரி. வரி வாங்கும் அரசையாவது ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குச் சீட்டால் கேள்வி கேட்கலாம். மண்டபத்தாருக்கு ஏது வாக்குப் பெட்டி?

ஒன்றை வாங்க வந்தவனிடம் மற்றொன்றையும் கட்டிவிடும் இந்தத் தந்திரம் புதிதன்று. இங்கிலாந்தில் ஆலை முதலாளிகள் தொழிலாளிக்குக் கூலியைக் காசாகத் தராமல், தம் கடைச் சரக்காகத் தந்த காலம் ஒன்று இருந்தது. வேலை வேண்டுமா, என் கடை மாவையும் என் கடை மெழுகுவத்தியையும் நான் சொல்லும் விலைக்கு எடு என்றார்கள். கூலியைக் காசாகவே தரவேண்டும் என்று 1831-இல் சட்டம் செய்து அதைத் தடுக்க முற்பட்டார்கள். அமெரிக்காவில் படக் கம்பெனிகள், நல்ல படம் ஒன்று வேண்டுமானால் ஓடாத படங்கள் பலவற்றையும் சேர்த்து எடுக்கவேண்டும் என்று கொட்டகைக்காரர்களைக் கட்டிப்போட்டன. 1948-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், பாரமவுண்ட் கம்பெனி வழக்கில், அந்தக் கட்டை அவிழ்த்தது. மாவாக இருந்தாலும் படமாக இருந்தாலும் சாம்பாராக இருந்தாலும் தத்துவம் ஒன்றே. தேவைப்படும் பொருளைத் தூண்டிலாக்கி, தேவைப்படாததை விழுங்கச் செய்வது.

நம் நாட்டுச் சட்டமும் இதைக் காணாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(41)-ஆம் பிரிவு, ஒரு சேவையைப் பெறுவதற்கு முன்நிபந்தனையாக மற்றொரு பொருளையோ சேவையையோ வாங்கச் செய்வதைக் கட்டுப்படுத்தும் வணிக முறை என்று பெயர் சொல்லியே குறிக்கிறது. அதே சட்டத்தின் 2(46)-ஆம் பிரிவு, மிகையான முன்வைப்புத் தொகை கேட்பதையும், இழப்புக்குப் பொருந்தாத தண்டம் விதிப்பதையும், தக்க காரணமின்றி ஒருதலையாக முறித்துக்கொள்ளும் உரிமையையும் நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களாகச் சொல்கிறது. சேவையில் குறையென்றால் மாவட்ட ஆணையம். ஒப்பந்தமே நியாயமற்றதென்றால் மாநில ஆணையம். கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணில் தொலைபேசியிலும் முறையிடலாம். வழக்கு வெல்லுமா என்பது அதனதன் சான்றைப் பொறுத்தது. ஆனால், "இது எங்கள் வழக்கம்" என்று மேலாளர் சொல்லும்போது, "வழக்கத்துக்கு மேல் சட்டம் ஒன்று இருக்கிறது ஐயா" என்று சொல்ல நம் வாலிபர்க்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. மண்டபத்தார் கேட்கிறார்: "கண்டவன் வந்து அடுப்பு மூட்டி, தீப்பிடித்தால் யார் பொறுப்பு? கெட்ட சோற்றைப் போட்டு நூறு பேர் மருத்துவமனைக்குப் போனால் யார் பெயர் கெடும்?" இதில் உண்மை உண்டு. 2004-ஆம் ஆண்டு சனவரி 23-ஆம் நாள் திருவரங்கத்துத் திருமண மண்டபமொன்றில் ஓலைப்பந்தலில் பற்றிய தீ, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்ததே! மணவறை பிணவறையான அந்தக் காலைப்பொழுதை நினைக்கும் எவரும், மண்டபத்துக்கு ஒழுங்கே வேண்டாம் என்று சொல்லத் துணியமாட்டார். அது அடுப்பிலே பிறந்த தீயன்று. ஆயினும் பாதுகாப்பைப் பற்றிய கவலை எந்தத் தீயையும் கருதியதே.

ஆனால், பாதுகாப்பு என்பது அடுப்புக்கு விதி செய்யலாம். பணப்பைக்கு விதி செய்யலாமா? உணவுப் பாதுகாப்பு உரிமம் பெற்றவராக இருக்கவேண்டும், கியாஸ் குழாயைச் சோதித்துக் காட்டவேண்டும், சமையற்கட்டைக் கழுவித் தரவேண்டும், கெடுதல் நேர்ந்தால் ஈடு செய்ய வைப்புத்தொகை கட்டவேண்டும் என்று மண்டபத்தார் கேட்கட்டும், தலைவணங்கி ஏற்போம். தகுதியுள்ள எவரும் வரலாம் என்றால் அது ஒழுங்கு. என் ஆள் மட்டுமே வரலாம் என்றால் அது ஏகபோகம். இரண்டையும் பிரித்தறிய இந்த ஓர் உரைகல் போதும்.

மண்டபத்தாரை இவ்வளவு நிறுத்துக் கேட்டோம். அதே தராசில் நம்மையும் வைத்துப் பார்க்கவேண்டாமா? நம்மைக் கட்டிப்போட்டது அவர் கயிறு மட்டும்தானா?

அந்த மண்டபம் இல்லையென்றால் நகராட்சியின் சமுதாயக் கூடம் இல்லையா? பள்ளி விடுமுறையில் ஒரு திடல் இல்லையா? வீட்டு வாசல் இல்லையா? இருக்கின்றன. "பெரிய மண்டபத்தில் வைக்காவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் கேட்கிறதே, அந்தக் குரலுக்குத்தான் முதல் அச்சாரம் கொடுத்தோம். மண்டபத்தார் விற்பது சோற்றை மட்டுமன்று; நம் அச்சத்தையும் பொட்டலம் கட்டி நம்மிடமே விற்கிறார். பிறர் கண்டு மதிக்கவேண்டும் என்பதற்காகவே செய்யும் செலவைப் பற்றி அமெரிக்க அறிஞர் தார்ஸ்டைன் வெப்லன் 1899-இலேயே நூல் எழுதினார். அவர் எழுதியது ஓய்விலே வாழும் செல்வர் கூட்டத்தைப் பற்றி. உழைத்து உண்ணும் நாமோ, செல்வரிடம் செல்வத்தைப் பெறாமல், அவருடைய நோயை மட்டும் பெற்றுக்கொண்டோம்!

அந்த நோய் இலையில் தெரிகிறது. மூன்று இனிப்பு, ஐந்து வகைச் சோறு, எண்ணமுடியாத கூட்டுப் பொரியல். உண்பவர் வயிறு என்னவோ பழைய அளவுதான். பெங்களூரு நகரத் திருமணங்களில் மட்டும் ஆண்டுக்கு 943 டன் உணவு வீணாகிறது என்று அங்குள்ள வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2012-இல் சொன்னது. உலகக் கணக்கோ இன்னும் பெரிது. 2022-இல் மட்டும் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்கிறது ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணம் திருமண விருந்தில் ஒரே கறிதான் என்று 2016-இல் சட்டமே செய்தது. சட்டம் போட்டு இலையை அளப்பதைவிட, அறிவால் அளப்பது மேல் என்போம். ஆனால், அறிவு அளக்க மறுத்தால், சட்டம் அளக்க வரும்; சட்டமும் வராவிட்டால் கடன்காரன் அளப்பான்.

சரி, மண்டபம் பேசியாகிவிட்டது; வேறு இடமில்லை; அவர்கள் சமையலைத்தான் எடுக்கவேண்டும். அப்போது என்ன செய்வது? கைகட்டி நிற்பதா? இல்லை. 'வேண்டாம்' என்ற பெரிய சொல்லை இழந்தவர், 'எவ்வளவு', 'ஏன்', 'எழுதிக்கொடு' என்ற மூன்று சிறிய சொற்களை இழக்கவேண்டியதில்லை.

முதலில் 'எவ்வளவு'. நாம் ஆசிரியத் தொழில் புரிவோர். வகுப்பில் பெருக்கல் கற்பிப்போர். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவோம். இலைக்கு 200 ரூபாய், உண்டவர்க்கு மட்டும் பணம் என்கிறார் ஒருவர். இலைக்கு 180 ரூபாய்தான், ஆனால் குறைந்தது 600 இலைக்குப் பணம் தரவேண்டும் என்கிறார் மற்றொருவர். எது மலிவு? 180 என்று மனம் தாவுகிறது. பந்தியில் அமர்ந்தவர் 450 பேர் என்று வையுங்கள். முதலாமவருக்கு 90,000 ரூபாய். இரண்டாமவருக்கு 1,08,000 ரூபாய். மலிவு என்று வாங்கியதில் 18,000 ரூபாய் மிகுதி! உண்ட ஒவ்வோர் இலைக்கும் உண்மையில் விழுந்த விலை 240 ரூபாய். ஆகவே, பேரம் பேசவேண்டியது இலையின் விலையை மட்டுமன்று, இலையின் எண்ணிக்கையை. உறுதி எண்ணைக் குறைவாக எழுதுங்கள். மிகுந்தால் அதே விலைக்கு நூற்றுக்குப் பத்து இலை கூட்டித் தரவேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். இலையை எண்ணுவதற்கு அவர்கள் ஆள் ஒருவர், நம் ஆள் ஒருவர் என்று இருவர் நிற்கட்டும்.

அடுத்து 'ஏன்'. ஐந்து வகைச் சோறு ஏன்? யாரும் தொடாத அந்த மூன்றாவது இனிப்பு ஏன்? நான்கு பண்டங்களை நீக்கிவிட்டு, இருப்பவற்றின் தரத்தை உயர்த்தித் தரக் கேளுங்கள். பருப்பு நல்ல பருப்பாக, எண்ணெய் புத்தெண்ணெயாக இருக்கட்டும். நாள் குறிக்குமுன், அதே சமையற்காரர் சமைக்கும் வேறொரு விருந்தின் சோற்றைச் சுவைத்துப் பார்க்கக் கேளுங்கள். இசுலாமியத் தோழர் இல்லத்து வலீமா விருந்தென்றால், கறி எத்தனை கிலோ, அரிசி எத்தனை கிலோ என்று எடையில் பேசுங்கள். எடைக்கல்லுக்கு முகத்தாட்சணியம் கிடையாது.

மூன்றாவது 'எழுதிக்கொடு'. பண்டங்களின் பட்டியல், இலையின் விலை, உறுதி எண், தண்ணீர்ப் புட்டி சேர்த்தா தனியா, மின்சாரமும் கியாசும் சேர்த்தா தனியா, வரி சேர்த்தா தனியா, நாள் மாறினால் முன்பணம் என்னாகும் என்பவை எல்லாம் தாளில் ஏறவேண்டும். சமைப்பவரின் பதினான்கு இலக்க உணவு உரிம எண் அதில் இருக்கவேண்டும். மிஞ்சிய உணவு பணம் கொடுத்தவருடையது என்று ஒரு வரி இருக்கவேண்டும். உபரி உணவை மீட்டுப் பகிர்வதற்கென்றே 2019-இல் ஒழுங்குமுறை வந்திருக்கிறது. கெடுவதற்கு முன் பசித்தவரிடம் போய்ச் சேர ஏற்பாடு செய்வது நம் கடமை. கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும். ரசீதில்லாத நியாயம் நீதிமன்றத்தில் ஊமையாகிவிடும்.

இத்துடன் நிறுத்தினால், கெட்டிக்காரத்தனம் கற்பித்தவர்களாவோம். அறம் பேசியவர்களாக மாட்டோம். பேரத்தில் நாம் குறைத்த அந்த இருபது ரூபாய் எங்கே குறைந்தது? முதலாளியின் ஆதாயத்திலா? பெரும்பாலும் இல்லை. விலையின் படிக்கட்டில் வெட்டு விழுந்தால் அது உருண்டு உருண்டு அடிப்படியில் போய் நிற்கும். அங்கே யார் இருக்கிறார்கள்? விடியுமுன் வந்து தேங்காய் துருவும் பெண். அண்டாவுக்குள் தலையை நுழைத்துத் தேய்க்கும் முதியவள். வாளியும் கரண்டியுமாகப் பந்திக்குப் பந்தி ஓடும் கல்லூரி மாணவன். அவர்கள் கூலியை அரிந்தெடுத்து நம் இலையில் வைத்துக்கொள்வதற்கு நல்ல பேரம் என்று பெயர் வைக்கலாமா? பீடி சுற்றியவள் சேர்த்த காசைக் காப்பதற்காகப் பாத்திரம் தேய்ப்பவளின் காசைப் பறித்தால், ஏழையைக் கொண்டே ஏழையைக் கொள்ளையிட்டதாக ஆகாதா?

ஆகவே, எண்ணிக்கையைக் குறையுங்கள், பண்டத்தைக் குறையுங்கள், ஆடம்பரத்தைக் குறையுங்கள், உழைப்பவர் கூலியைக் குறைக்காதீர்கள். பரிமாறுவோர் எத்தனை பேர், அவர்களுக்குக் கூலி என்ன என்று கேளுங்கள். சமைத்தவர்க்கும் பரிமாறியவர்க்கும் கழுவியவர்க்கும் இலை உண்டு என்று ஒப்பந்தத்திலே எழுதுங்கள். அடித்த சோறு ஆறியபின் மூலையில் நின்று விழுங்குவதற்கன்று. அதே பந்தியில், அதே மேசையில் அமர்ந்து உண்பதற்கு. சாதி பிரித்த பந்தியைச் சமமாக்கப் போராடியவர்களின் வழிவந்தோர், கூலி பிரித்த பந்தியைக் கண்டு கண்ணை மூடிக்கொள்ளலாமா?

திருமணம் நடப்பதற்கு இவற்றில் எது தேவை என்று சட்டத்தையும் கேட்டுப் பார்ப்போம். 1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த மணம்முதல் ஊர்தோறும் நடந்துவந்த சுயமரியாதைத் திருமணத்தை, அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-இல், சட்டமன்றம் சட்டமாக்கியது. உற்றார் நண்பர் முன்னிலையில் இருவர் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால் அல்லது தாலி அணிவித்தால் போதும் என்றது அது. ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக நடத்தவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. அந்தச் சட்டத்தில் மண்டபம் என்ற சொல் இல்லை. பந்தி என்ற சொல் இல்லை. இலைக்கு இவ்வளவு என்ற அட்டவணையும் இல்லை. இருவரின் ஒப்புதல் இருக்கிறது.

அதற்காக விருந்தே வேண்டாம் என்று வறட்டு வேதாந்தம் பேசமாட்டோம். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவன் வாழ்ந்த நாடு இது. வந்தவர் உண்ண, உண்டவர் வாழ்த்த, மணமக்கள் மகிழ்வது இனிய காட்சிதான். விருந்து அன்பிலிருந்து பிறக்கட்டும், அச்சத்திலிருந்து பிறக்கவேண்டாம். முந்நூறு பேரை அழைத்து முகமலர்ந்து உபசரிப்பது விருந்து. மூவாயிரம் பேரை அழைத்து, வட்டிக்கடைக்காரனின் முகத்தை நினைத்து முகம் வாடி நிற்பது விருந்தன்று, தண்டனை.

தோழர்களே! உங்கள் ஊரில் அடுத்த முகூர்த்தத்துக்கு முன்னர் ஒன்று செய்யுங்கள். படிப்பகத்தில் கூடி, சுற்றியுள்ள மண்டபங்களின் நிபந்தனைகளைக் கேட்டு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எந்த மண்டபம் சமையலைத் திறந்துவிடுகிறது, எது கட்டிப்போடுகிறது, எது ரசீது தருகிறது, எது மறுக்கிறது என்று ஊர் அறியட்டும். தனித்தனியே போய்த் தலையசைத்த பெற்றோர் பத்துப் பேர், சேர்ந்து போய் நின்று கேட்டால், மேலாளரின் குரல் தாழும். ஒரு பெற்றவர் இழந்த 'வேண்டாம்' என்ற சொல்லை, ஊர் சேர்ந்து மீட்டுக் கொடுக்கலாம். அந்தச் சொல் மீண்ட பிறகு, இலைக்கு அவர் சொல்லும் தொகையை நாம் விலை என்று அழைப்போம். அதுவரை அது வரிதான். நாம் வாக்களிக்காத வரி!